ஒயில் குடிக்கும் பழைய கார்: எஞ்சினை இறக்குவதற்கு முன்

களுவாஞ்சிகுடியிலிருந்து மட்டக்களப்பு நகருக்குத் தினமும் வேலைக்குப் போய்வரும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: கார் 2003ஆம் ஆண்டுக் கொரோலா 121. மீற்றர் 230,000 கிலோமீற்றரைத் தாண்டிவிட்டது. ஆயிரம் கிலோமீற்றருக்கு முக்கால் லீற்றர் எஞ்சின் ஒயில் குறைகிறது. நிலத்தில் ஒரு சொட்டும் விழுவதில்லை. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் கொஞ்சம் நீலப் புகை. கராஜில், “ரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்கவேண்டும்” என்று சொல்லிவிட்டார்கள். இறக்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். ரிங், அதாவது பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம், பழுதாகவே இருக்கலாம். எனக்கும் சந்தேகம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் கராஜில் யாரும் பிளக்கைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிளக்கைக் கழற்றாமல் சொல்லும் தீர்ப்பு வெறும் ஊகம். 2020இல் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025இல் மீண்டும் திறக்கப்பட்டது உண்மை. விலையைக் கேட்டவர்கள் பழைய காரைக் கழுவித் துடைத்து வைத்துக்கொண்டார்கள் என்பதும் உண்மை. இந்தக் கார்களை இன்னும் பல வருடம் ஓட்டவேண்டியவர்களுக்கு, தேவையில்லாமல் பிரித்த எஞ்சினைப்போல் நட்டம் வேறில்லை.

முதலில் அளவைச் சரிபாருங்கள். அந்த முக்கால் லீற்றர் என்ற எண் எப்படி வந்தது? நமது வீட்டு முற்றங்கள் பெரும்பாலும் மணல். ஒரு பக்கச் சில்லு இரண்டு அங்குலம் புதைந்தால் ஒயில் அளக்கும் கம்பியான டிப்ஸ்டிக் காட்டும் மட்டம் மாறிவிடும். நேற்றிருந்த ஒயில் இன்று காணாமல் போனதாகத் தோன்றும். சமமான சீமெந்துத் தரை ஒன்றைத் தெரிந்து, எப்போதும் அதே இடத்தில், அதே திசை பார்த்து நிறுத்துங்கள். இரவு முழுவதும் நின்ற எஞ்சினில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பாருங்கள். டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி செருகி எடுத்த பிறகு தெரிவதுதான் மட்டம். இரண்டு பக்கமும் வெவ்வேறாகக் காட்டினால் குறைந்த பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேல் குறிவரை நிரப்பி மீற்றரைக் குறித்துவையுங்கள். பிறகு 500 கிலோமீற்றருக்கு ஒருமுறை, அளவுக்கோடு போட்ட போத்தலால் மேல் குறிவரை ஊற்றி, எவ்வளவு சென்றது என்று எழுதுங்கள். 2,000 கிலோமீற்றர் ஓடிய பிறகு கிடைக்கும் கணக்கை நம்பலாம். அதற்குமுன் கிடைப்பதை வைத்து ஒரு ஆணியைக்கூடத் திருகவேண்டாம்.

இந்தச் சோதனையில் அடிக்கடி வெளிப்படும் ஒரு வேடிக்கையைச் சொல்லவேண்டும். உங்கள் காரில் இருப்பது 1.5 லீற்றர் 1என்இசட் எஞ்சின் என்றால், பில்டரும் சேர்த்து மாற்றும்போது அதற்குத் தேவை 3.7 லீற்றர், பில்டர் மாற்றாவிட்டால் 3.4. கடையில் விற்கும் கானோ 4 லீற்றர். சேர்விஸ் செய்யும் பையன் கானைக் கவிழ்த்து முழுவதையும் ஊற்றிவிடுவான். வாடிக்கையாளரின் காசுக்கு வஞ்சகம் செய்யாத நல்ல எண்ணம்தான். மட்டம் மேல் குறியைத் தாண்டி நிற்கும். மிஞ்சிய ஒயில் கிராங் ஷாப்டில் அடிபட்டு நுரைத்து, மூச்சுக் குழாய் வழியாக உறிஞ்சப்பட்டு எரிந்துபோகும். அடுத்த சில வாரங்களில் மட்டம் இறங்குவதைப் பார்த்து, “கார் ஒயில் குடிக்கிறது” என்று உரிமையாளர் கலங்குவார். சேர்விஸ் முடிந்த அடுத்த நாள் காலை டிப்ஸ்டிக்கைப் பார்த்திருந்தால் இந்தக் கலக்கமே இல்லை.

நகருக்குள்ளேயே பாடசாலைக்கும் சந்தைக்கும் ஓடும் கார்களில் வேறொரு மாயம் நடக்கும். எஞ்சின் நன்றாகச் சூடாகாததால் எரியாத பெற்றோல் ஒயிலில் கலந்து மட்டத்தைத் தாங்கிப் பிடிக்கும். ஒருநாள் கொழும்புக்குப் போனால் அந்தப் பெற்றோல் ஆவியாகிவிடும். ஒரே பயணத்தில் அரை லீற்றர் குடித்ததுபோல் தெரியும். ஒருவழி 30 கிலோமீற்றர் அளவு ஓடும் உங்களுக்கு இது பொருந்தாது.

நிலத்தில் சொட்டு இல்லை என்பதால் கசிவே இல்லை என்று முடிவுகட்டவும் முடியாது. எஞ்சின் ஓடும்போது மட்டும், அழுத்தத்தால் கசியும் இடங்கள் உண்டு. ஒயில் பிரஷர் சுவிட்ச், டைமிங் கவர், கிராங் ஷாப்டின் பின்பக்கச் சீல் ஆகியவை அப்படிப்பட்டவை. ஓட்டத்தில் கசிவது காற்றில் சிதறிக் காரின் அடிவயிற்றில் படிந்துவிடும். நின்றபின் நிலத்துக்கு வர ஒன்றும் மிஞ்சாது. எஞ்சினைக் கழுவிக் காயவைத்து, சந்தேகமான மூட்டுகளில் முகப்பவுடரைத் தூவிவிட்டுக் கல்முனைவரை ஒருமுறை போய்வாருங்கள். கசிந்த இடம் பவுடரில் கறுத்து நிற்கும். வால்வு கவரைச் சுற்றியும் பாருங்கள். பிளக் இறங்கும் குழிக்குள் ஒயில் தேங்கியிருந்தால் அது மேலே உள்ள றப்பர் சீல் போனதன் அடையாளம். சிலிண்டருக்குள் எரியும் ஒயிலோடு அதற்குத் தொடர்பில்லை. குழிக்குள் ஒயிலைக் கண்டவுடன் ரிங் போய்விட்டதாக நினைத்து எஞ்சினைப் பிரித்த கதைகள் நம் பக்கத்தில் உண்டு.

அடுத்தது பி.சி.வி. வால்வு. விரல் அளவுள்ள, விலை குறைந்த இந்தச் சிறு பொருளை நம் கராஜ்களில் யாரும் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. சிலிண்டரில் எரியும் வாயுவில் கொஞ்சம் பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கும். அதை உறிஞ்சி மறுபடி எரிக்க அனுப்புவது இதன் வேலை. அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, சீல்கள் வழியாக ஒயிலைப் பிதுக்கும். திறந்தபடியே இறுகிவிட்டால் ஒயில் ஆவியை அளவில்லாமல் இழுத்துச் சிலிண்டருக்குக் கொடுக்கும். கழற்றிக் காதருகே குலுக்கினால் உள்ளே கட்டை ஆடும் ‘டக் டக்’ சத்தம் கேட்கவேண்டும். எஞ்சின் ஓடும்போது நுனியில் விரலை வைத்தால் உறிஞ்சவேண்டும். காற்று உள்ளே செல்லும் குழாயைக் கழற்றி, காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் துரொட்டிலைப் பாருங்கள். அங்கே ஒயில் நனைந்து பளபளத்தால் சந்தேகம் வலுக்கும். இருபது வருடக் காரில் சோதனைகூட வேண்டாம், புதிதாக ஒன்றைப் போட்டுவிட்டு மறுபடி அளந்து பாருங்கள் என்பதே என் ஆலோசனை. அதோடு சேரும் றப்பர் குழாயையும் மாற்றுங்கள். உட்புறம் உப்பி அடைத்திருப்பது வெளியே தெரியாது.

இனிப் புகை. நிறம் எல்லோருக்கும் தெரியும்: நீலம் என்றால் ஒயில், கறுப்பு என்றால் பெற்றோல் மிகுதி, விடாமல் வரும் வெள்ளைப் புகையோடு ரேடியேற்றர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கஸ்கெட். நிறத்தைவிட நேரம்தான் அதிகம் சொல்லும். இரவு நின்ற காரில் காலையில் ஒரு கொத்து நீலப் புகை வந்து அரை நிமிடத்தில் மறைந்தால் வால்வு சீல். சீலின் றப்பர் காய்ந்து விறைத்திருக்கும். இரவில் மேலிருந்து சில துளிகள் வால்வுத் தண்டு வழியாக இறங்கிச் சிலிண்டரில் காத்திருக்கும். பாதை மூடிய இடத்தில் சில நிமிடங்கள் ஸ்டார்ட்டில் நின்றுவிட்டுப் புறப்படும்போது வரும் புகையும் அதே கணக்கு. காலையும் மாலையும் என்றில்லாமல், வேகம் எடுக்கும்போதெல்லாம், கால் அழுத்தியிருக்கும் வரைக்கும் வந்தால் ரிங்.

இதைப் பிரித்தறிய நம் பக்கத்தில் இயற்கையே ஒரு சோதனைக்கூடம் கட்டித் தந்திருக்கிறது. கண்டியிலிருந்து மஹியங்கனை வழியாகத் திரும்பும்போது பதினெட்டு வளைவில் இறங்குவீர்கள் அல்லவா? கீழ்க் கியரில், அக்ஸிலரேட்டரைத் தொடாமல் இறங்குங்கள். அப்போது எஞ்சினின் உள்ளிழுக்கும் பக்கத்தில் வெற்றிடம் உச்சத்தில் இருக்கும். தளர்ந்த வால்வு கைட் (வால்வுத் தண்டு ஓடும் குழல்) வழியாக அது ஒயிலை உறிஞ்சும். மலையடிக்கு வந்து, சமதரையில் முதன்முதலாக அழுத்தும்போது பின்னால் வருபவர் பார்க்கட்டும். ஒரு கொத்துப் புகை வந்து ஓய்ந்தால் வால்வு சீலும் கைடும். அழுத்திக்கொண்டே போகும்போதும் ஓயாமல் வந்தால் ரிங்கும் கூட்டுச் சேர்ந்திருக்கிறது. பார்க்கும் வேலையை இன்னொரு காரில் வருபவரிடம் கொடுங்கள். கண்ணாடியில் பார்த்து நீங்களே சொல்வது நம்பிக்கைக்குரியதல்ல. ஒன்றை மறக்கவேண்டாம்: சைலன்சர் வரிசையில் உள்ள கட்டலிற்றிக் கன்வேர்ட்டர் நல்ல நிலையில் இருந்தால் மிதமான ஒயில் புகையை அது எரித்து மறைத்துவிடும். புகை இல்லை என்பதால் ஒயில் எரியவில்லை என்று சொல்லமுடியாது. அப்படி எரியும் ஒயில் காலப்போக்கில் கன்வேர்ட்டரையே கெடுக்கும். வருடாந்தப் புகைப் பரிசோதனையில் தவறும்போதுதான் பலருக்கு விஷயம் தெரியவரும்.

பிறகு பிளக்குகள். நான்கையும் கழற்றி, எந்தச் சிலிண்டரில் எது இருந்தது என்று மாறாமல் வரிசையாக ஒரு தாளில் வையுங்கள். மூன்று காய்ந்து இளம் மண்ணிறமாகவும் ஒன்று மட்டும் கறுத்து ஈரமாகவும் இருந்தால் குறை அந்த ஒரு சிலிண்டரில். நான்கும் ஒரேமாதிரிச் சாம்பல் பூத்திருந்தால் எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான காரணம்: ரிங் அல்லது பி.சி.வி. ஒரு பிளக்கின் ஒரு பக்கத்தில் மட்டும் சாம்பல் ஒட்டியிருந்தால் அந்தப் பக்கம் பார்த்திருக்கும் வால்வைச் சந்தேகியுங்கள்.

பிளக் வெளியே இருக்கும்போதே கம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுக்கப்படும் அழுத்தம், பார்த்துவிடலாம். பற்றரி நல்ல நிலையில் இருக்கவேண்டும், நான்கு பிளக்கும் கழன்றிருக்கவேண்டும், பெற்றோல் பாய்வதை நிறுத்தியிருக்கவேண்டும், அக்ஸிலரேட்டர் முழுதும் அழுத்தியிருக்கவேண்டும். இவற்றில் ஒன்றை விட்டாலும் எண் பொய். சிலிண்டர்களுக்கிடையே 15 பீ.எஸ்.ஐ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால், குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் எழும்பினால் ரிங், அசையாவிட்டால் வால்வு.

இந்த இடத்தில்தான் அனுபவமுள்ள மெக்கானிக்குகளும் வழுக்கி விழுகிறார்கள். கம்பிரஷன் நான்கிலும் நன்றாக வந்தால், “ரிங் சரி, வால்வு சீலை மாற்றுவோம்” என்பார்கள். பிஸ்டனில் மூன்று ரிங் இருக்கிறது. மேலே உள்ள இரண்டும் முக்கியமாக வாயுவைத் தடுப்பவை. கம்பிரஷன் சோதனை அவற்றைத்தான் கேள்வி கேட்கிறது. சிலிண்டர் சுவரில் படியும் ஒயிலை வழித்துக் கீழே அனுப்புவது மூன்றாவது ரிங். அது இரண்டு மெல்லிய வளையங்களும் நடுவே நெளிநெளியான வில்லும் சேர்ந்த அமைப்பு. அதன் பின்னால் பிஸ்டனில் சிறு துளைகள். வழித்த ஒயில் அவை வழியாகத் திரும்ப வேண்டும். ஒயிலை மாற்றாமல் நாளைக் கடத்தினால் கரி படிந்து துளைகள் அடைபடும், வில் இறுகிவிடும், வளையம் சுவரை அழுத்துவதை நிறுத்திவிடும். கம்பிரஷன் குறையவே குறையாது; ஒயிலோ லீற்றர் கணக்கில் எரியும். சொல்லப்போனால், சுவரில் மிஞ்சும் ஒயில் மேல் ரிங்குகளுக்குத் துணைநின்று கம்பிரஷன் அளவை இன்னும் அழகாகக் காட்டும். டொயோட்டாவின் 1.8 லீற்றர் 1இசட்இசட் எஞ்சினின் முந்தைய பதிப்புகளில் இந்தத் துளைகள் போதாமல் போய், பிறகு பிஸ்டனையே மாற்றியமைத்தார்கள். அந்த எஞ்சின் உள்ள கார் வைத்திருப்பவர்கள் ஒயில் மாற்றும் தவணையை ஒருபோதும் நீட்டவேண்டாம்.

அம்பாறைப் பக்கம் காணி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அறுவடைக் காலத்தில் வயல் வட்டைக்குள் காரைக் கொண்டுபோனால் வாய்க்கால் ஓரக் கிறவல் பாதையில் எழும்பும் தூசி சாதாரணமானதல்ல. எயர் பில்டரின் ஓரம் சரியாகப் பொருந்தாவிட்டால் அந்தத் தூசி நேரே சிலிண்டருக்குள் போய் அரத்தைப்போல் சுவரைத் தேய்க்கும். பில்டர் பெட்டியைத் திறந்து, வடிகட்டிய காற்றுப் போகும் பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மண் ஒட்டினால், புது ரிங் போட்டாலும் நீடிக்காது.

உங்கள் காருக்கு வருவோம். காலைப் புகை வால்வு சீல் காய்ந்திருப்பதைச் சொல்கிறது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஆயிரம் கிலோமீற்றர் ஓட உங்களுக்குப் பதினேழு நாள் அளவு ஆகும். 750 மில்லிலீற்றரைப் பதினேழு காலைகளுக்குப் பங்கிட்டால் ஒரு காலைக்கு 44 மில்லிலீற்றர். மாலை ஸ்டார்ட்டையும் சேர்த்துப் பாதியாக்கினாலும் 22. அவ்வளவு ஒயில் அரை நிமிடத்தில் எரிந்தால் நீங்கள் ‘கொஞ்சம் புகை’ என்று எழுதியிருக்கமாட்டீர்கள். அயல்வீட்டார் சண்டைக்கு வந்திருப்பார்கள். ஆகவே பெரும்பங்கு வேறு வழியில், ஓடும்போதே போகிறது. பி.சி.வி. மாற்றியும் எண் குறையாவிட்டால், இறுகிய ஒயில் ரிங் என்பதே என் ஊகம். இறுகிய ரிங்கும் தேய்ந்த ரிங்கும் வேறு. இறுகியதைச் சிலவேளை எஞ்சினைப் பிரிக்காமலே இளக்கலாம்.

அதற்கு இரண்டு வழி. மெதுவான வழி: தரமான, முத்திரை உடையாத ஒயிலாக வாங்கி, 3,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை பில்டரோடு மாற்றிக்கொண்டு வாருங்கள். மூன்று நான்கு மாற்றத்தில் ஒயில் எரிவது குறைந்தால் தொடருங்கள். வேகமான வழி: பிளக்கைக் கழற்றி, கரி கரைக்கும் திரவத்தைச் சிலிண்டருக்குள் விட்டு ஓர் இரவு ஊறவைப்பது. செய்தால் மறுநாள் பிளக் இல்லாமலே எஞ்சினைச் சுற்றி, மீதித் திரவத்தை வெளியேற்றிவிட்டுத்தான் பிளக்கைப் பூட்டவேண்டும். திரவம் அமுக்குப்படாது, உள்ளே நிறைய இருக்கும்போது பூட்டி ஸ்டார்ட் செய்தால் கொனெக்டிங் ரொட் வளைந்துவிடும். கீழே இறங்கிய திரவம் ஒயிலையும் கெடுத்திருக்கும், அதையும் உடனே மாற்றுங்கள். பலன் கிடைத்த கார்களும் உண்டு, கிடைக்காதவையும் உண்டு. செலவு சிறியது என்பதால் முயன்று பார்க்கத் தகும்.

தடித்த ஒயில் ஊற்றலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். நம் வெயிலுக்கு 5டபிள்யூ-30 இலிருந்து 10டபிள்யூ-40க்கு மாறுவதில் தவறில்லை, குறைவு கொஞ்சம் மட்டுப்படவும் கூடும். அதற்கு மேல் 20டபிள்யூ-50க்குப் போவதை இந்த எஞ்சினில் நான் விரும்பமாட்டேன். வால்வு நேரத்தை மாற்றும் விவிடி அமைப்பு மெல்லிய துவாரங்கள் வழியாக வரும் ஒயில் அழுத்தத்தில்தான் இயங்குகிறது. தேன்போல் ஒழுகும் ‘ஒயில் ட்ரீட்மென்ட்’ போத்தல்களை அடுத்த மாதம் காரை விற்கப்போகிறவர் வாங்கட்டும்.

ஒன்றும் பலிக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாதம் 1,500 கிலோமீற்றர் என்றால் வருடத்துக்கு 13, 14 லீற்றர் ஒயில். அதன் விலையையும் கராஜ் சொன்ன ஓவர்ஹோல் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் எத்தனை வருடம் இப்படியே ஓட்டலாம் என்பது தெரிந்துவிடும். டொயோட்டா உட்படப் பல தயாரிப்பாளர்களின் கையேடுகளே ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் வரையான குறைவை ஏற்றுக்கொள்கின்றன. டிக்கியில் ஒரு லீற்றர் போத்தல், வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக். இதைத் தவறாமல் செய்பவரின் கார் ஓடும். சிவப்பு ஒயில் விளக்கு எரியும்வரை பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவரின் எஞ்சின்தான் நடுவழியில் இறுகும். அந்த விளக்கு மட்டத்தைக் காட்டுவதில்லை. அழுத்தம் விழுந்த பிறகே எரியும். அப்போது பெயாரிங் காயப்பட்டிருக்கும்.

பிளக் அடிக்கடி ஒயிலில் நனைந்து மிஸ் அடித்தால், புகைப் பரிசோதனையில் தவறினால், அல்லது 500 கிலோமீற்றருக்கே ஒரு லீற்றர் போகத் தொடங்கினால் பிரிக்கத்தான் வேண்டும். வால்வு சீல் மட்டும் என்று உறுதியானால் ஹெட்டைக்கூடக் கழற்றத் தேவையில்லை. பிளக் துளை வழியாகச் சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து வால்வு விழாமல் தாங்கிக்கொண்டு மேலிருந்தே மாற்றலாம். இது தெரிந்த மெக்கானிக்கைத் தேடுங்கள். ரிங் என்றால், ரிங் வாங்கக் காசு கொடுப்பதற்கு முன் சிலிண்டரை, உள்விட்டம் அளக்கும் போர் கேஜ் வைத்து மேல், நடு, கீழ் என்று அளக்கச் சொல்லி, எண்களை எழுதி வாங்குங்கள். சுவர் முட்டை வடிவில் தேய்ந்திருந்தால் புது ரிங் வீண் செலவு. லேத்தில் போர் செய்து பெரிய பிஸ்டன் போடவேண்டிவரும். சுவர் சரியாக இருந்தாலும் ஹோன் செய்யாமல், அதாவது சுவரில் நுண்ணிய கீறல்கள் விழும்படி தீட்டாமல், ரிங்கை மாற்றினால் புது ரிங் அமராது. பிஸ்டனின் ஒயில் துளைகளைச் சுத்தம் செய்து உங்களுக்குக் காட்டிய பிறகுதான் பூட்டவேண்டும் என்றும் சொல்லிவையுங்கள். “இதற்கெல்லாம் ஜப்பானில் பாவித்த எஞ்சின் ஒன்றைப் போட்டுவிடலாம்” என்று யாராவது சொன்னால், அந்த எஞ்சினுக்கும் முதலில் கம்பிரஷன் பார்த்து, வால்வு கவரைத் திறந்து கரியைப் பாருங்கள். அதுவும் உங்கள் காரின் வயதுதான். எஞ்சின் இலக்கம் மாறுவதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவையும் திருத்தவேண்டும். அந்த அலைச்சலையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.